ரெண்டாம்பூட்டும் ஒரு திருகாணியும்

லிஃப்ட் பழுது பார்க்கிறவர்கள் நடுவில் அவருக்கு ரெண்டாம்பூட்டு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரை அவரே சில சமயம் யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும். வீட்டைப் பூட்டுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து மறுபடியும் இழுத்துப் பார்ப்பார். அதோடு விட்டாலாவது பரவாயில்லை. பூட்டு கல்லு மாதிரி இருக்கிறது என்று தெரிந்த பிறகும் அதற்கு மேலே இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுத்தான் நகருவார். கூட வேலைக்குக் கிளம்புகிறவர்கள் வாசலில் நின்று நின்று அலுத்துப்போய் வைத்த பெயர் அது. அவர் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. லிஃப்டுக்கு ஒரு கயிறு போதும் என்கிற இடத்தில் ஐந்து கயிறு போடுவார்கள். ஐந்தும் அறுந்தால் பெட்டி ஏறி இறங்குகிற தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்க ஒரு பிடி இருக்கும். அதுவும் கைவிட்டால் குழிக்குள் ஒரு சுருள்வில் காத்திருக்கும். இப்படிப்பட்ட பெட்டிகளோடேயே முப்பது வருஷம் காலம் தள்ளிய மனுஷனுக்கு எதையும் ஒரே நம்பிக்கையில் விட்டுவிட்டுப் போகத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாள் காலையில் ஒன்று சொல்வார்.

"தானா எதுவும் ஓடாதுப்பா. ஓடுதுன்னா யாரோ ஓட்டறாங்கன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னா யாராவது போய்த்தான் ஓட்டணும்."

கடவுளையும் அவர் இந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தார். ஆறாவது கயிறு. தினமும் காலையில் குளித்துவிட்டுக் கண்ணை மூடி நிற்பார். ஆனால் அது பிரார்த்தனையா, வேலை உத்தரவா என்று கேட்கிறவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும். இன்ன தெருவில் இன்ன கட்டடம், நாலாவது மாடியில் சத்தம் வருகிறது, மதியத்துக்குள் முடித்துக் கொடுக்க வேண்டும், மழை வேண்டாம், உதிரி பாகம் கிடைக்காவிட்டால் பழையதைத் தேய்த்துப் போட்டுக்கொள்கிறேன், அதற்கும் நீ ஒத்துழைக்க வேண்டும். மாற்று ஏற்பாட்டையும் அவரே சொல்லிவிடுவார், கடவுளுக்குக் குழப்பம் வரக் கூடாது பாருங்கள்.

பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக் கேட்டு அவர் மனைவிக்குக் காது புளித்துப்போயிருந்தது. அந்த அம்மாள் வேண்டிக்கொள்வது அரை நிமிஷம்கூட இருக்காது. கண்ணை மூடுவாள், உதடு அசையாது, திறந்துவிடுவாள். என்னதான் கேட்டாய் என்று அவர் குடைந்தால், ஒன்றும் கேட்கவில்லை என்பாள். ஒன்றும் கேட்காமல் எதற்குக் கண்ணை மூட வேண்டும் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அவனுக்கு வேலை சொல்லிக் குடுக்காதீங்க" என்பாள் அவள். "உங்களுக்கு முன்னாடியே அவன் வேலையில சேர்ந்துட்டான்."

இந்த அம்மாளுக்குத்தான் இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிற்று. மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது, பிறகு சமதரையிலேயே வாங்கியது, பிறகு படுத்தாலும் வாங்கியது. வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

ரெண்டாம்பூட்டு களத்தில் இறங்கினார். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், எந்தக் கிழமை, எந்த அறை, எல்லாவற்றுக்கும் ஓடினார். நகரத்திலேயே பெரிய கை என்று பெயர் எடுத்த ஒரு டாக்டரைப் பிடித்தார். அந்த டாக்டர் குடியிருந்த கட்டடத்து லிஃப்டை அவர்தான் பராமரித்து வந்தார். ஒருநாள் ஏழு மாடிக்கும் அவரோடு கூடவே ஏறிப்போய், இறங்குவதற்குள் சம்மதம் வாங்கிவிட்டார். மூன்று பேரை ரத்தம் கொடுக்கத் தயார் செய்தார், மூன்று பேரும் வராவிட்டால் என்று இன்னும் இரண்டு பேரைத் தயார் செய்தார். ஆஸ்பத்திரியின் பின்பக்கம் போய் ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்த்துக் காவலாளியிடம் திட்டு வாங்கிக்கொண்டு வந்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் டாக்டர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் மீன்முள் மாதிரி அவர் தொண்டையில் சிக்கிக்கொண்டது. இதயத்தை நிறுத்தி வைத்துத்தான் வால்வை மாற்றுவோம் என்றார் டாக்டர். அது வரைக்கும் ரத்தத்தை ஒரு மிஷின் ஓட்டிக்கொள்ளும். நிறுத்திப் பழுது பார்ப்பது அவருக்குப் புரிந்தது, அவர் பிழைப்பே அதுதான். சரி, மறுபடி எப்படி ஓட்டுவீர்கள் என்று கேட்டார்.

"பெரும்பாலும் தானாவே துடிக்க ஆரம்பிச்சுடும்" என்றார் டாக்டர்.

தானாகவாம். முப்பது வருஷத்தில் நிறுத்திய ஒரு மோட்டார்கூடத் தானாக ஓடி ரெண்டாம்பூட்டு பார்த்ததில்லை. ஓடாவிட்டால் என்ன செய்வீர்கள், அதுவும் பலிக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று துருவிக்கொண்டே போனார். ஷாக் கொடுப்போம், மருந்து கொடுப்போம் என்று டாக்டர் பொறுமையாக நாலு பதில் சொன்னார், ஐந்தாவதுக்குக் கையை விரித்துவிட்டார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவர் அந்த ஐந்தாவது கேள்வியிலேயே இருந்தார். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"பயமா இல்லையா உனக்கு" என்று கேட்டார்.

"இருக்கு. அதுக்கென்ன. அவன் பார்த்துப்பான்."

"பார்த்துப்பான் பார்த்துப்பான்னு சொல்றியே, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சுன்னா?"

"அப்பவும் அவன்தான் பார்த்துப்பான்."

இப்படிப் பேசுகிறவளோடு ஒரு மனுஷன் எப்படிக் குடித்தனம் பண்ணுவது.

ஆபரேஷன் அன்று காலையிலேயே முதல் கயிறு அறுந்தது. பெரிய டாக்டர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பதிலாக அவரிடம் வேலை பார்க்கும் ஒரு பெண் டாக்டர் செய்வார் என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள். ரெண்டாம்பூட்டு அந்த நடையில் நின்று போட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எத்தனை வருஷ அனுபவம், இதுவரை எத்தனை வால்வு, தள்ளிப் போட முடியுமா, வேறு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகட்டுமா. தள்ளிப் போடுகிற நிலையில் நோயாளி இல்லை என்றார்கள்.

"நான் அந்தப் பெரிய டாக்டரை நம்பி வரலீங்க" என்றாள் மனைவி கட்டிலில் இருந்தபடியே. "அவரை நம்பினது நீங்க."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது அவள் அவர் கையைப் பிடித்தாள். அவர் சட்டைப் பையில் எப்போதும் செருகியிருக்கும் ஸ்க்ரூடிரைவரை ஒரு பார்வை பார்த்தாள். முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியவளுக்குத் தெரியாதா.

"எனக்காக ஒரே ஒண்ணு பண்ணுங்க. மேல ஆபரேஷன் தியேட்டருக்கு வெளிய நாற்காலி போட்டிருக்காங்க இல்ல, அதுல உட்காருங்க. நான் வர்ற வரைக்கும் எதையும் தொடாதீங்க. ஒண்ணும் பண்ணாதீங்க. இன்னைக்கு ஒரு நாள், அவன்கிட்ட முழுசா விட்டுடுங்க."

சரி என்று தலையாட்டினார். அந்த நிமிஷம் அவள் என்ன கேட்டிருந்தாலும் ஆட்டியிருப்பார்.

வார்டு இரண்டாம் மாடியில் இருந்தது, தியேட்டர் ஐந்தாம் மாடியில். கட்டடத்தின் முன்பக்கம் புது லிஃப்ட் ஒன்று உண்டு, ஆனால் அதற்கு நீள நடை நடக்க வேண்டும். தியேட்டரை ஒட்டியிருந்த பழைய லிஃப்டில்தான் ஸ்ட்ரெச்சரை ஏற்றினார்கள். மடக்குக் கம்பிக் கதவு போட்ட லிஃப்ட், ரெண்டாம்பூட்டு வேலைக்குச் சேர்ந்த காலத்து ஜாதி. ஏறுகிற வழியில் அது ஒரு தரம் வெடுக்கென்று நின்று, மறுபடி புறப்பட்டது. ஸ்ட்ரெச்சர் குலுங்கியது. மனைவி முகம் சுளித்தாள். அவ்வளவுதான், அவர் காது விறைத்துக்கொண்டது. கதவுக்கு மேலே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும், கதவு மூடியிருந்தால்தான் அது சேரும், சேர்ந்தால்தான் லிஃப்ட் நகரும். அதில் ஏதோ ஒரு திருகாணி ஆடுகிறது. கண்ணால் பார்க்காமலே சொல்லிவிடுவார்.

தியேட்டர் கதவு அவளை உள்ளே வாங்கிக்கொண்டு மூடியது. அவர் நேராக நர்ஸிடம் போய் லிஃப்டைப் பற்றிப் புகார் சொன்னார். பராமரிப்பு ஆட்கள் நாளைக்கு வருவார்கள் என்றாள். நாளைக்கு யாருக்கு வேண்டும். நெஞ்சைப் பிளந்து தைத்தவளை இன்றைக்கே அல்லவா அதில் கீழே இறக்கப் போகிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் மைத்துனன் இருந்தான், மனைவியின் தம்பி. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவன். அக்காவுக்கு ஆபரேஷன் என்றதும் மாற்றுச் சட்டைகூட எடுக்காமல் வந்து, வந்த இடத்தில் உட்கார்ந்தவன், இன்னும் எழுந்திருக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். இவனும் இவன் அக்காவும் ஒரே வார்ப்பு என்று ரெண்டாம்பூட்டுக்கு எரிச்சலாக இருந்தது.

ஒரு காலை ஆட்டினார். மற்றொரு காலை ஆட்டினார். கண்ணை மூடி, உள்ளே நடக்க வேண்டியதை வரிசையாகக் கடவுளுக்கு எடுத்துச் சொன்னார். மயக்க மருந்து, அந்தப் பெண் டாக்டரின் கை, மிஷின், கரண்ட். கடைசியில் லிஃப்டில் வந்து நின்றார். அது உன் வேலை இல்லை, என் வேலை என்று கடவுளிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.

"எங்க போறீங்க அத்தான்" என்றான் மைத்துனன்.

"இதோ வரேன். ரெண்டு நிமிஷம்."

"அக்கா உங்களை இங்கேயே இருக்கச் சொன்னாங்க."

"உங்க அக்காவுக்காகத்தான்டா போறேன்" என்று சீறிவிட்டு நடந்தார்.

லிஃப்ட் காலியாக நின்றது. உள்ளே போய்க் கதவை இழுத்துச் சாத்தினார். திருகாணி தெரிந்தது, சந்தேகமே இல்லை, பாதி கழன்று ஆடிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே முடுக்கினார். அதோடு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் முடுக்கியது சரியாக உட்கார்ந்ததா என்று ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டாமா. ஓட்டினார். கீழே இறங்கும்போது லேசாக ஒரு கரகரப்பு கேட்டது. மேலே ஏறும்போதும் கேட்டது. இன்னும் ஒரு சுற்று கழற்றி, நேராக வைத்து, மறுபடி முடுக்கினால் பிசிறில்லாமல் இருக்கும் என்று தோன்றியது.

ஓடுகிற லிஃப்டில் கதவு ஸ்விட்சைத் தொடக் கூடாது. இதை அவர் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார், தொட்டவனை எத்தனை தரம் காய்ச்சியிருப்பார். ஆனால் ஓடும்போதுதானே சத்தம் கேட்கிறது. ஸ்க்ரூடிரைவரை வைத்து ஒரு சுற்றுத் திருப்பினார். ஸ்விட்ச் விலகியது. லிஃப்ட் மூன்றாம் மாடிக்கும் நாலாம் மாடிக்கும் நடுவில் பொட்டென்று நின்றது. அந்தக் குலுக்கலில் திருகாணி அவர் விரலில் பட்டு, கம்பிக் கதவில் பட்டு, பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த விரற்கடைச் சந்துக்குள் விழுந்தது. அடியில் குழி வரைக்கும் அது எங்கெங்கே மோதிக்கொண்டு போகிறது என்பதை அவர் நின்று கேட்டார்.

கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம் வெறும் செங்கல் சுவர். மாடிக் கதவுகளைத் திறக்கிற முக்கோணச் சாவி அவர் கால்சட்டைப் பையில்தான் இருந்தது. அதை வெளியில் நின்றுகொண்டுதான் போட முடியும்.

அவசர மணியை அழுத்தினார். லிஃப்டுக்குள் பதித்திருந்த பேச்சுப் பெட்டியிலிருந்து, லிஃப்ட் கம்பெனியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் குரல் வந்தது. நடுவயசுக் குரல், ஏற்கனவே நாலு பேரோடு மல்லுக்கட்டி அலுத்த குரல்.

"பயப்படாதீங்க சார். நீங்க பாதுகாப்பா இருக்கீங்க. கதவைத் தொடாதீங்க. மெக்கானிக் கிளம்பிட்டார். உள்ள இருந்து நீங்க செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல."

வார்த்தைக்கு வார்த்தை அவர் சொல்வதுதான். லிஃப்டில் மாட்டியவர்களிடம் மாடிக் கதவுக்கு வெளியே நின்று முப்பது வருஷமாக இதைத்தான் சொல்லி வந்தார். உள்ளே இருந்து அவர்கள் கெஞ்சுவார்கள், திட்டுவார்கள், கதவை உதைப்பார்கள். சும்மா இருந்தாலே போதும், இந்த ஜனங்களுக்கு ஏன் இது புரிய மாட்டேன் என்கிறது என்று வெளியே நின்று தலையில் அடித்துக்கொள்வார்.

"எனக்குத் தெரியும்மா. நானே லிஃப்ட் மெக்கானிக்" என்றார்.

"அப்ப இன்னும் ஜாக்கிரதையா இருங்க சார். தெரிஞ்சவங்கதான் கையை வைக்கறாங்க."

மெக்கானிக் ஊரின் மறுகோடியிலிருந்து வருகிறான், வழியெல்லாம் நெரிசல் என்றாள். தன் மனைவிக்கு மேலே ஆபரேஷன் நடக்கிறது என்று அவர் சொன்னார். அவள் குரல் கொஞ்சம் இளகியது. தியேட்டர் வாசலில் இருக்கிறவர்களுக்குத் தகவல் சொல்கிறேன், வேண்டிக்கோங்க சார், அதுதான் இப்போ முடியும் என்றாள். இவளும் அந்தக் கூட்டம்தானா என்று ரெண்டாம்பூட்டு பல்லைக் கடித்தார்.

வேண்டிக்கொள்வதற்கு முன்னால் இன்னும் ஒரு வழி பாக்கி இருந்தது. ஸ்விட்சின் இரண்டு தகட்டையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பிடித்துக்கொண்டால் லிஃப்ட் நகரும். இதைச் செய்த ஒருவனை அவரே வேலையை விட்டு அனுப்பியிருக்கிறார். சேர்த்துப் பிடித்தார். லிஃப்ட் ஒரு சாண் ஏறியது. பிடி விட்டது, லிஃப்ட் நின்றது. மறுபடி பிடித்தார், இன்னும் ஒரு சாண். வியர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாவது தரம் ஸ்க்ரூடிரைவர் வழுக்கி, லிஃப்டின் இரும்பில் உரசியது. படீரென்று ஒரு பொறி. விளக்கு அணைந்தது, மின்விசிறி நின்றது, எங்கேயோ மேலே மோட்டார் அறையில் ஃப்யூஸ் போனது. இனிமேல் மெக்கானிக் வந்தாலும் முதலில் அதைச் சரி செய்துவிட்டுத்தான் இவரைத் தொட முடியும்.

"சார், என்ன சத்தம் அது. எதையாவது தொட்டீங்களா" என்றாள், பேட்டரியில் ஓடுகிற பேச்சுப் பெட்டிக்குள்ளிருந்து அவள்.

"இல்ல" என்றார் ரெண்டாம்பூட்டு. பிறகு, "தொட்டேன்" என்றார்.

"உட்காருங்க சார்" என்றாள் அவள். அதட்டல் இல்லை, ஆனாலும் அவர் உட்கார்ந்தார்.

இருட்டில் தரையில் உட்கார்ந்ததும்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று பார்க்காமல் எல்லார்மேலும் வந்தது. குளியலறையில் வழுக்கிய டாக்டர், நாளைக்கு என்று சொன்ன நர்ஸ், உட்கார்ந்த இடத்திலேயே வேர் விட்ட மைத்துனன். பிறகு கடவுள்மேல் வந்தது. உனக்கு என்ன குறை வைத்தேன் என்று கேட்டார். எதை உன் தலையில் கட்டினேன், எல்லாவற்றையும் நானே அல்லவா பார்த்துக்கொண்டேன், நீ பக்கத்தில் நின்றால் போதும் என்றுதானே கேட்டேன். கேட்ட பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்தது.

மேலே என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. இந்நேரம் நிறுத்தியிருப்பார்களா. அவள் நெஞ்சுக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இருக்குமா. ராத்திரி தூக்கம் கலைந்தால் அவள் முதுகுப் பக்கம் காதை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பது அவர் வழக்கம், அவளுக்கே தெரியாது. முதல் பூட்டு, இரண்டாம் பூட்டு எல்லாம் போட்டுவிட்டு வந்து படுத்து, கடைசியாகப் பார்க்கிற பூட்டு அது. இன்றைக்கு அதை இழுத்துப் பார்க்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் முடிந்திருக்காது. மேலே நாற்காலியில் இருந்தாலும் இதே இருட்டில்தான் இருந்திருப்பார், நாற்காலி என்பதால் தெரியாமல் இருந்திருக்கும்.

வழக்கம்போலத் தொடங்கினார். ஐந்தாம் மாடி, தியேட்டர், இடது பக்க வால்வு, அந்தப் பெண் டாக்டரின் கை நடுங்காமல். அதற்கு மேல் வரவில்லை. ஓடாவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டிய இடம் வந்தது. அந்த ஐந்தாவது கேள்விக்கு அவரிடமும் பதில் இல்லை, டாக்டரிடமும் இல்லை.

ரெண்டாம்பூட்டு அழுதார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அழ நேரமில்லாமல் இருந்தவர், இருட்டில் முழங்காலைக் கட்டிக்கொண்டு விசும்பி விசும்பி அழுதார்.

"என்னால ஆகல" என்றார். "எனக்கு ஒண்ணும் தெரியல. அவ உன்கிட்ட இருக்கா. நீ என்ன பண்ணினாலும் சரி." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்ல அவருக்கு உயிரே போயிற்று. அவளைத் திருப்பித் தராவிட்டாலும் சரியா என்று மனசு உடனே குறுக்குக் கேள்வி கேட்டது. சரி இல்லை, சரியே இல்லை என்று வாய்விட்டுச் சொன்னார். ஆனாலும் கொடுத்ததைத் திரும்ப வாங்கவில்லை. மாற்று ஏற்பாடும் எதுவும் சொல்லவில்லை.

"சார், இருக்கீங்களா" என்றாள் பேச்சுப் பெட்டிக்குள்ளிருந்து அவள்.

"இருக்கேன்மா."

"எதையும் தொடலையே?"

"தொடல."

அவர் கண்ணை மூடியிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றும் கேட்காமல் எதற்குக் கண்ணை மூட வேண்டும் என்று மனைவியைப் பிடுங்கி எடுத்தது நினைவுக்கு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று அவருக்குத் தெரியாது. தூங்கிக்கூட இருக்கலாம்.

மதியம் சாய்ந்த பிறகுதான் மெக்கானிக் வந்து, ஃப்யூஸைப் பார்த்துத் திட்டி, மோட்டார் அறையில் கையால் சக்கரத்தைச் சுற்றி லிஃப்டை நாலாம் மாடிக்குக் கொண்டுவந்தான். கதவு வெளியிலிருந்து திறந்தது. எதையோ தொட்டுக் கெடுத்திருக்கிறீர்களே, படித்துப் படித்துச் சொல்கிறோமே, பெரியவர்கள் நீங்களே இப்படிச் செய்யலாமா என்று அவன் பொரிந்து தள்ளினான். ரெண்டாம்பூட்டு வெளிச்சத்தில் கண் கூச, படியேறி ஐந்தாம் மாடிக்கு ஓடினார்.

நாற்காலிகள் காலியாக இருந்தன. தியேட்டர் கதவில் விளக்கு அணைந்திருந்தது. நீள நடையின் அந்தக் கோடியிலிருந்து மைத்துனன் ஓடிவந்தான். அவன் ஓடி அவர் பார்த்ததே இல்லை.

"அத்தான், முடிஞ்சுது. அக்கா நல்லா இருக்காங்க. கீழ கொண்டு போயாச்சு."

"எதுல" என்றார் அவர். அதுதான் முதலில் வாயில் வந்தது.

"இந்த லிஃப்ட் நின்னுபோச்சு இல்ல, அதனால முன்பக்கத்துப் புது லிஃப்டுல கொண்டு போனாங்க. குலுங்கவே இல்ல அத்தான், தொட்டில் மாதிரி இறங்குச்சு."

அவர் கை படாத லிஃப்ட்.

மறுநாள் மதியம் தொண்டைக் குழாயை எடுத்த பிறகு அவரை உள்ளே விட்டார்கள். அவள் முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது. பக்கத்தில் ஒரு திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சொன்னபடி உட்கார்ந்திருந்தீங்களா" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது.

"உட்கார்ந்திருந்தேன்."

"நாற்காலியிலயா?"

அவர் நடந்ததைச் சொன்னார், திருகாணி விழுந்தது முதல் ஃப்யூஸ் போனது வரை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, தையல் வலித்தது, சிரிக்க வைக்காதீர்கள் என்று அவரையே கோபித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"நின்னதை யாரு ஓட்டினாங்களாம்?"

"அந்த டாக்டரம்மாவைக் கேட்டேன். ஷாக்கும் குடுக்கலயாம், ஒண்ணும் குடுக்கலயாம். தானாவே ஓட ஆரம்பிச்சுதுங்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

ரெண்டாம்பூட்டுக்கு வழக்கமான எரிச்சல் மூக்கு நுனிவரை வந்தது. எதற்கு இதையெல்லாம் ஒருத்தி கேட்டுக்கொண்டு, தெரியாத மாதிரி. பச்சைக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்னத்தைச் சொல்றது. தானா எதுவும் ஓடாதும்மான்னு சொல்லிட்டு வந்தேன்."